மலையை மேலே வரைந்த பையன்

ஐயா, வணக்கம். மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டத்தை ஒட்டி எங்கள் வீடு. ஒன்பது வயது மகன் பள்ளிக்குப் போகும் வழியை வரைந்தான். தாளின் உச்சியில் மலை, அடியில் வீடு. 'வடக்குதான் மேலே வரவேண்டும்' என்று சிவப்பு மையில் அடித்துத் தந்துவிட்டார்கள். அவனுக்குத் திசையே பிடிபடவில்லையோ?
– ஒரு தாய்

அன்புள்ள சகோதரிக்கு,

நன்றாகவே பிடிபட்டிருக்கிறது. உங்கள் ஊருக்குக் கிழக்கே தித்திவங்சா மலைத்தொடர். அதைப் பார்த்தபடி பள்ளிக்கு நடக்கிறவன் கிழக்கை மேலே வைத்துவிட்டான், அவ்வளவுதான். 1154-இல் சிசிலி மன்னர் இரண்டாம் ரோஜருக்காக அரபுப் புவியியலாளர் அல் இத்ரிசி வரைந்த உலகப்படத்தில் தெற்கு மேலே இருக்கிறது. வடக்கு மேலே என்பது ஒரு வழக்கம். நல்ல வழக்கம்தான், பழகிக்கொள்ளட்டும்.

நம் மொழியும் மேட்டைப் பார்த்துத்தான் திசைக்குப் பெயர் வைத்தது. மேல், மேற்கு, கீழ், கிழக்கு. தமிழ்நாட்டில் மேற்கே மலை, கிழக்கே கடல். கப்பலேறி வந்தவர்களுக்கு இங்கே எல்லாம் தலைகீழ்: பிலுஸ் ஆறு மலையிலிருந்து மேற்கே இறங்கிப் பேராக் ஆற்றில் சேர்கிறது.

புதுப் படம் வேண்டாம். அதே தாளில் வடக்கைக் காட்டும் அம்புக்குறி ஒன்று போதும். வடக்கை அவனே கண்டுபிடிக்கட்டும். வாசலில் குச்சியை நேராக நட்டு, பன்னிரண்டு மணியிலிருந்து இரண்டரை வரை, கால் மணிக்கு ஒருமுறை நிழலின் நுனியில் கூழாங்கல் வைக்கச் சொல்லுங்கள். மிகக் குட்டையான நிழல் ஒன்றேகால் மணியை ஒட்டித்தான் விழும். 1982 ஜனவரி 1-இல் மலேசியத் தீபகற்பத்தின் கடிகாரங்களை அரை மணி முன்னே தள்ளியதும் அதற்கு ஒரு காரணம். அந்த நிழல் கிடப்பது வடக்கு தெற்காக. எந்த முனை வடக்கு என்பதில்தான் ஏமாறுவோம். நிலநடுக்கோட்டுக்கு ஐந்து பாகைக்குள் இருக்கிறோம். ஏப்ரல் தொடக்கம் முதல் செப்டம்பர் பத்து வாக்கில் வரை உச்சிநிழல் தெற்கே சாயும், மற்ற நாள்களில் வடக்கே. மலையைப் பார்த்து நின்றால் இடக்கைப் பக்கம் வடக்கு.

பிறகு படத்தோடு நடங்கள். தெரு திரும்பும்போது தாளையும் திருப்பி, தாளின் மலை நிஜ மலையைப் பார்க்கும்படி பிடிக்கட்டும். அது கைவந்தபின், தாளைத் திருப்பாமலே வீட்டுக்கு வழி சொல்லச் சொல்லுங்கள். இடமும் வலமும் மாறும், திணறுவான், திணறட்டும்.

செம்பனைக்குள் மட்டும் தனியே விடாதீர்கள். முக்கோண நடவு, எந்த மரத்தடியில் நின்றாலும் ஆறு பக்கமும் ஏறக்குறைய ஒன்பது மீட்டரில் அடுத்த மரம், ஓலை மறைப்பில் மலையும் தெரியாது. பத்து வயதில் உள்ளே போய், அரைமணி நேரம் சுற்றி, புறப்பட்ட மரத்துக்கே வந்து நின்றேன். அப்பாவின் மோட்டார் சைக்கிள் சத்தத்தை வைத்துத்தான் வெளியே வந்தேன்.