கச்சான் ஒவ்வாத மகனுக்குப் பாணில் என்ன பூசலாம்?

கேள்வி: என் மகனுக்கு ஏழு வயது, 20 கிலோ. கச்சானும் (நிலக்கடலை) கஜுவும் (முந்திரி) ஒத்துக்கொள்ளாது. பாணுக்குப் பூச எள்ளுப் பேஸ்ட், பாதாம் பட்டர், சூரியகாந்தி விதை பட்டர் என்று யூடியூப்பில் பலதும் சொல்கிறார்கள். எது நல்லது? தேங்காயும் கொட்டைதானாம், நிறுத்தவா? மாம்பழமும் கஜுவும் ஒரே குடும்பமாம். வகுப்பில் பக்கத்துப் பிள்ளை கச்சான் தின்றால் மணமே ஆபத்தா? ஆறு மாதக் கைக்குழந்தைக்கும் கச்சானைக் காட்டாமலே விடவா? தினமும் துளித்துளியாகக் கொடுத்தால் பழகிவிடும் என்கிறார் கணவர். போன மாதம் ஒரு பிஸ்கட் தின்று உடம்பெல்லாம் தடித்து, இருமி, இரண்டு தரம் சத்தி எடுத்தான். பிரிட்டன் (Piriton) என்ற அலர்ஜிப் பாணி மருந்து கொடுத்ததும் தூங்கிவிட்டான்.
- வாசகி, களுவாஞ்சிகுடி

பதில்: கடிதத்தின் வாலில் ஒட்டிவிட்டிருக்கிறீர்களே, அந்த பிஸ்கட்டிலிருந்து தொடங்குகிறேன். பாணை அப்புறம் பார்ப்போம்.

தடிப்பு தோலில். இருமல் மூச்சுக்குழாயில். சத்தி வயிற்றில். ஒவ்வாத சாப்பாடு உள்ளே போய்ச் சில நிமிடத்திலிருந்து இரண்டு மணித்தியாலத்துக்குள் இப்படி இரண்டு மூன்று இடம் ஒன்றாகக் கெட்டால் அதற்கு அனபிலக்சிஸ் என்று பெயர். பிரிட்டன் காப்பாற்றியது என்று நினைத்திருக்கிறீர்கள். காப்பாற்றவில்லை. தாக்கம் தன்பாட்டில் தணிந்தது. அடுத்த முறையும் தணியும் என்று யாரும் சொல்ல முடியாது. போன முறை லேசாக வந்ததால் இந்த முறையும் லேசாக வரும் என்று கணக்குப் போடக்கூடிய வருத்தம் இல்லை இது.

பிரிட்டன் கடியைக் குறைக்கும், தடிப்பை அமத்தும். அதற்கும் அரை மணித்தியாலம் வேண்டும். சுருங்கும் மூச்சுக்குழாயை அது திறக்காது, விழும் பிரஷரைத் தூக்காது. இன்னொரு கெடுதலும் உண்டு: தூக்கம் வரவைக்கும். உங்கள் மகன் அன்று கண்ணை மூடியது மருந்தின் தூக்கமா, பிரஷர் விழுந்த சோர்வா என்று வீட்டில் இருந்துகொண்டு யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. அலுமாரியில் ஒரு போத்தல் பிரிட்டன் இருக்கிறது என்ற தைரியத்தில் வைத்தியசாலைக்குப் போகாமல் இருந்துவிடுவதுதான் இந்த வருத்தத்தில் பிள்ளைகளைக் கொல்கிறது.

இதற்கு மருந்து ஒன்றுதான்: அட்ரினலின் ஊசி. தொடையின் வெளிப்பக்கம், நடுவில், தசைக்குள். அளவு கிலோவுக்கு 0.01 மில்லிகிராம், 20 கிலோப் பிள்ளைக்கு 0.2 மில்லிகிராம். குணம் தெரியாவிட்டால் ஐந்து நிமிடத்தில் மறுபடியும் போடுவார்கள். வீட்டில் ஊசி இல்லையென்றால் 1990க்கு அடியுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். கைக்கெட்டும் தூரத்தில் ஓட்டோவோ காரோ நின்றால் அதற்கும் காத்திராமல் களுவாஞ்சிகுடி ஆதார வைத்தியசாலைக்குப் போங்கள். "அலர்ஜி" என்று மட்டும் சொல்லாதீர்கள். சொறிக்கு வந்தவர்களின் வரிசையில் நிறுத்திவிடுவார்கள். "கச்சான் ஒவ்வாத பிள்ளை, மூச்சு முட்டுகிறது" என்று வாசலிலேயே சொல்லுங்கள்.

எதைக் கண்டால் ஓட வேண்டும்? குரல் கம்முவது, விடாத இருமல், மூச்சில் விசில், நாக்கு வீங்கி எச்சில் விழுங்க முடியாமை, திரும்பத் திரும்பச் சத்தி, முகம் வெளிறித் துவண்டுபோவது. இதில் ஒன்று போதும். தடிப்பு இல்லையே என்று காத்திருக்க வேண்டாம், தோலில் ஒன்றுமே காட்டாமலும் அனபிலக்சிஸ் வரும். பிள்ளையைக் கிடத்திக் காலை உயர்த்துங்கள். மூச்சு முட்டினால் மட்டும் சாய்த்து இருத்துங்கள். நடக்கவிடாதீர்கள், தோளில் நிமிர்த்தித் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். பிரஷர் விழுந்திருக்கும்போது சடாரென்று நிமிர்த்துவதால் இதயம் நின்ற சம்பவங்கள் உண்டு. ஊசி போட்டுத் தெளிந்த பின்பும் சில மணித்தியாலம் வாட்டில் வைத்துத்தான் விடுவார்கள், ஏனென்றால் தணிந்த தாக்கம் இரண்டாம் தரம் கிளம்புவதுண்டு. "பிள்ளை விளையாடுகிறான், துண்டு வெட்டுங்கள்" என்று தாதிமாரோடு சண்டை பிடிக்காதீர்கள்.

மகனுக்கு முட்டு (ஆஸ்துமா) இருக்கிறதா? எழுதவில்லை. இருந்தால், அது கட்டுப்படாமல் இருந்தால், ஆபத்து பல மடங்கு. இன்ஹேலரை நிறுத்தியிருந்தால் இன்றைக்கே மறுபடியும் தொடங்குங்கள்.

இனி மற்றப் பயங்கள். மணத்தால் அனபிலக்சிஸ் வராது. மணத்தில் புரதம் இல்லை. பக்கத்துப் பிள்ளையின் கை மேசையில் பட்டு, அந்த மேசையில் இவன் கை பட்டு, அது வாய்க்குப் போவதுதான் வழி. கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவினால் தீர்ந்தது. சனிடைசர் கிருமியைக் கொல்லும், கச்சான் புரதத்தை அகற்றாது. மாம்பழம் கஜுவுக்குச் சொந்தம்தான்; தின்று ஒன்றும் செய்யாத பிள்ளைக்கு அதை நிறுத்த வேண்டியதில்லை. கஜுவோடு உண்மையில் சேர்ந்து வருவது பிஸ்தா, அதைத் தவிருங்கள். தேங்காயை நிறுத்தச் சொன்னவர் மட்டக்களப்பில் சமைத்துப் பார்த்திருக்க மாட்டார். அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகமே 2025 ஜனவரியில் தேங்காயை மரக்கொட்டைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. தேங்காய் ஒவ்வாதவர்கள் இல்லாமல் இல்லை, மிகக் குறைவு. பாற்சொதி குடித்து வளர்ந்த பிள்ளை அந்தக் கூட்டத்தில் இல்லை.

கைக்குழந்தை: ஒளித்து வைப்பது பாதுகாப்பு அல்ல. லண்டனில் நடந்து 2015இல் வெளியான ஆய்வில், கடும் கரப்பனோ முட்டை ஒவ்வாமையோ இருந்த 4 முதல் 11 மாதக் குழந்தைகளுக்குக் கச்சானைத் தொடர்ந்து கொடுத்தபோது கச்சான் ஒவ்வாமை வந்தவர்கள் வெகுவாகக் குறைந்தார்கள். உங்கள் குழந்தைக்குக் கரப்பன் இருந்தால் வைத்தியரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். முழுக்கச்சான் ஐந்து வயதுவரை வேண்டாம், புரைக்கேறும். ஊட்டுவதை மூத்தவன் பள்ளிக்கூடத்தில் இருக்கும் நேரத்தில் வைத்துக்கொண்டு, கரண்டியையும் கையையும் குழந்தையின் வாயையும் கழுவிவிடுங்கள்.

கணவரின் வைத்தியத்துக்கு ஒரே பதில்: வேண்டாம். துளித்துளியாகப் பழக்கும் சிகிச்சை உலகில் இருக்கிறது, மில்லிகிராம் கணக்கில் அளந்து, அட்ரினலினைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வைத்தியசாலையில் செய்வது. குசினியில் கரண்டி நுனியால் அளப்பது அந்தச் சிகிச்சை இல்லை.

இப்போது பாண். யூடியூப் சொன்னவற்றில் பாதாம் பட்டரை மறந்துவிடுங்கள். கஜு ஒவ்வாத பிள்ளை மற்ற மரக்கொட்டைகளைத் தின்னலாமா என்பது பரிசோதித்துத் தெரிய வேண்டியது. சொக்லேட் பூச்சுகளும் அப்படியே: நுட்டெல்லாவில் 13 சதவீதம் ஹேசல்நட். எள்ளுப் பேஸ்டை எல்லோரும் கச்சானுக்கு மாற்று என்று விற்கிறார்கள், எனக்கு எரிச்சல் அதில்தான். எள்ளும் அனபிலக்சிஸ் வரவைக்கக்கூடியது. கச்சான் ஒவ்வாத பிள்ளைகளிடம் எள்ளு ஒவ்வாமை மற்றவர்களைவிட அதிகம். அமெரிக்காவில் 2023 ஜனவரி 1 முதல் எள்ளைப் பெரிய ஒவ்வாமைப் பொருள்களில் ஒன்பதாவதாகச் சேர்த்து லேபலில் எழுத வைத்திருக்கிறார்கள். மகன் ஏற்கெனவே எள்ளுருண்டையும் நல்லெண்ணெயும் சாப்பிட்டு ஒன்றும் ஆகவில்லையென்றால் எள்ளு அவனுக்குச் சரி. ஒருநாளும் தின்றதில்லை என்றால் பாணில் பூசித் தொடங்குகிற பொருள் அல்ல அது. சூரியகாந்தி விதையும் பூசணி விதையும் பெரும்பாலானோருக்கு ஒத்துக்கொள்ளும். ஆனால் எங்கள் கடைகளில் அவற்றைக் கஜுவும் பாதாமும் அள்ளிய அதே அகப்பையால்தான் அள்ளிப் போடுகிறார்கள். அள்ளி விற்பதை வாங்காதீர்கள்.

வீட்டில் இருப்பதே போதும். பட்டர், ஜாம், மார்மைட், கட்டிச்சம்பல், சீனிச்சம்பல், வாழைப்பழம். புரதம் குறையும் என்ற பயமா? இரண்டு மேசைக்கரண்டி கச்சான் பட்டரில் ஏறக்குறைய 7 கிராம் புரதம், ஒரு முட்டையில் 6 கிராம். முட்டையும் மீனும் பருப்பும் தின்கிற பிள்ளை கச்சான் பட்டர் இல்லாததால் மெலியாது.

அந்தக் களியான பூச்சுத்தான் வேண்டுமென்று மகன் அடம்பிடித்தால் கடலையில் (கொண்டைக்கடலை) செய்யுங்கள். கடலையும் கச்சானும் ஒரே அவரை இனம் என்பதால், அவன் ஏற்கெனவே அவித்த கடலை தின்று பழகியிருந்தால் மட்டும். பச்சைக் கடலை 200 கிராம் இரவு ஊறப்போட்டு, விரலால் நசுக்கினால் மாவாகும்வரை அவியுங்கள். தேங்காயெண்ணெய் மூன்று மேசைக்கரண்டி, உள்ளிப் பல் ஒன்று, அரைத் தேசிக்காய்ப் புளி, அரைத் தேக்கரண்டி உப்பு, அவித்த தண்ணீர் கொஞ்சம் விட்டு அரையுங்கள். ஃபிரிட்ஜில் மூன்று நாள். வெளியே வைத்தால் எங்கள் வெக்கைக்குப் பின்னேரமே புளித்துவிடும். வறுத்த கடலையில் செய்யாதீர்கள். வண்டிலில் கச்சான் வறுக்கிற அதே மணலில்தான் கடலையும் வறுபடுகிறது.

இனிப்பாக வேண்டுமென்றால், முட்டை ஒத்துக்கொள்ளும் பிள்ளைக்கு, கஜு போடாத வட்டிலப்பத்தை இளக்கமாகக் காய்ச்சலாம்: தேங்காய்க் கட்டிப்பால் 250 மில்லிலீட்டர், கித்துள் கருப்பட்டி 150 கிராம், முட்டை மூன்று, ஏலக்காய். அடித்து வடித்து, கொதிநீர்ச் சட்டிக்கு மேல் ஏதனத்தை வைத்து, கரண்டியின் முதுகில் ஒட்டிப் பிடிக்கும்வரை கிண்டிக்கொண்டே இருங்கள். நேரடி நெருப்பில் வைத்தால் முட்டை திரைந்து பொரியலாகும். தேங்காய்ப்பூவை மட்டும் அரைத்த பூச்சும் உண்டு. தண்ணீரில்லாத உலர்ந்த தேங்காய்ப்பூவைக் கிரைண்டரில் விட்டுவிட்டு அரைத்தால் பத்து நிமிடத்துக்குள் எண்ணெய் கக்கி இளகும். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டாலும் கட்டிபட்டுவிடும். ஃபிரிட்ஜில் வைத்தால் கல்லாகும், மேசையில் வைத்தால் எங்கள் ஊர் வெயிலே இளக்கிவிடும்.

எதை அரைத்தாலும், கச்சான் சம்பல் அரைத்த அந்தக் கிரைண்டரில் வேண்டாம். மூடியின் ரப்பர் வளையத்துக்குள்ளும் கத்திக்கு அடியிலும் மிச்சம் நிற்கும். மர உரலைக் கழுவிச் சுத்தமாக்க முடியாது. பட்டர் போத்தலுக்குள் கச்சான் பட்டர் பட்ட கத்தியை ஒருவர் விட்டாலே அந்தப் போத்தல் மகனுக்கு ஆகாது. அவனுக்கென்று ஒரு போத்தல், ஒரு கத்தி வையுங்கள். மஸ்கட், தொதல், வட்டிலப்பத்தின் மேல் உள்ள கஜுவைப் பொறுக்கிப் போட்டுவிட்டுக் கொடுப்பதும் உதவாது. மட்டக்களப்பு மாமாங்கக் கோயில் தீர்த்தத் திருவிழாவுக்குப் போனால் கச்சான் கடைகளின் பக்கம் கடலை, சோளம் எதுவும் வாங்கிக் கொடுக்காதீர்கள்.

லேபலில் எங்கள் பக்கத்துக்கே உரிய ஒரு கண்ணி இருக்கிறது. நமக்குக் கடலை வேறு, கச்சான் வேறு. தமிழ்நாட்டில் கடலை எண்ணெய் என்றால் கச்சான் எண்ணெய், கடலை மிட்டாய் என்றால் கச்சான் பாகு, வேர்க்கடலையும் நிலக்கடலையும் கச்சானேதான். கடலை மாவு மட்டும் அங்கேயும் நம்முடைய கடலையின் மாவு. இந்தியப் பக்கற் மிக்ஸரில் "கடலை" என்று கண்டு, நமக்குத் தெரிந்த சாமான்தானே என்று பிள்ளைக்குக் கொடுத்துவிடாதீர்கள். "கொட்டைகள் கலந்திருக்கக்கூடும்" என்ற வரி இருந்தால் விட்டுவிடுங்கள். அது இல்லாததை மட்டும் வைத்துப் பாதுகாப்பு என்றும் எடுத்துவிடாதீர்கள்.

இந்தக் கிழமைக்குள் பிள்ளை நல வைத்தியரிடம் போங்கள். அட்ரினலின் ஊசியை வீட்டில் வைத்திருப்பது பற்றி நேராகக் கேளுங்கள். இரத்தத்தில் ஐம்பது சாப்பாட்டுக்கு ஒரேயடியாகப் பார்க்கும் பரிசோதனைக்கு நீங்களாகப் போய்க் காசைக் கொட்டாதீர்கள். அதில் காட்டுகிற பலதையும் பிள்ளை தினமும் தின்றுகொண்டிருப்பான், பிறகு அதையெல்லாம் நிறுத்திப் பட்டினி போடுவீர்கள். முக்கியமாக, அந்த பிஸ்கட்டின் பெயரை நீங்கள் எழுதவே இல்லை. பக்கற் இன்னும் வீட்டில் கிடந்தால் எடுத்துக்கொண்டு போங்கள். இல்லாவிட்டால் அதே பிஸ்கட்டைக் கடையில் தேடி, பின்பக்கத்தைப் படம் பிடித்துக்கொண்டு போங்கள். அதில் கச்சானோ கஜுவோ இல்லையென்றால், மகனுக்கு ஒவ்வாத மூன்றாவது சாமான் ஒன்று இருக்கிறது.