ஆட்டு மருந்தா, அண்ணாச்சி?

கேள்வி: மருமகளுக்கு எட்டாம் மாதத்திலேயே வலி கண்டது. சூட்டு வலியாக இருக்கும் என்று ஒரு ராத்திரி சீரகத் தண்ணீர் கொடுத்துப் பார்த்தோம். விடிந்ததும் ஆஸ்பத்திரிக்குப் போனால், பிள்ளையின் நுரையீரலுக்கு என்று சொல்லி 12 மணி நேரத்துக்கு ஒன்றாக அவளுக்கு நாலு ஊசி போட்டார்கள். மூன்றாம் நாள் பேத்தி பிறந்தாள், நன்றாக இருக்கிறாள். ஆனால் அந்த மருந்தை ஆட்டுக்குட்டிக்குக் கொடுத்துத்தான் கண்டுபிடித்தார்களாம். மகன் போனில் பார்த்துச் சொன்னான். மூன்று தலைமுறையாகக் கிடை போட்டுப் பிழைக்கிறவன் நான். ஆட்டு மருந்தை மனுஷிக்குப் போடலாமா? எங்கள் ஆச்சி ஒரு ஊசி இல்லாமல் பத்துப் பெற்றாள். எல்லாம் வியாபாரம்தானே?
— பெயர் வேண்டாம் என்ற வாசகர், மானூர்

பதில்: பேத்தி நன்றாக இருக்கிறாள் என்று நீங்களே எழுதிவிட்டு, அடுத்த வரியில் ‘ஆனால்’ போடுகிறீர்களே அண்ணாச்சி, அதுதான் எனக்குப் பிடிபடவில்லை.

ஆச்சி பத்துப் பெற்றாள், சரி. நின்றது எத்தனை? அதை எழுதாமல் விட்டுவிட்டீர்கள்.

ஆட்டு விஷயத்துக்கு வருகிறேன். நியூசிலாந்தில், ஆக்லாந்து நகரத்தில், கிரகாம் லிக்கின்ஸ் என்று ஒரு மகப்பேறு டாக்டர். ஆளைவிட ஆடு பல மடங்கு உள்ள நாடு அது. பிரசவத்தைத் தொடங்கி வைப்பது தாயா, வயிற்றுக்குள் இருக்கும் குட்டியா என்பது அவருடைய சந்தேகம். 1960-களில், சினை ஆட்டின் வயிற்றில் இருந்த குட்டிக்கே ஸ்டீராய்டைச் செலுத்திப் பார்த்தார். உங்கள் உடம்பும் என் உடம்பும் தினமும் சுரக்கிற கார்டிசாலின் வகைதான் அது. ஆட்டுக்கென்று செய்த மருந்து இல்லை. நாளாகும் முன்பே ஆடு ஈன்றது. தொடங்கி வைப்பது குட்டிதான் என்று தெரிந்தது.

அத்தோடு அவர் நோட்டை மூடியிருக்கலாம். ஆனால் அப்படிப் பிறந்த ஒரு குட்டி மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. ஆடு ஐந்து மாதம் சுமக்கும். நாலு மாதம்கூட நிறையாமல் விழுந்த குட்டி மூச்சு விட்டு நீங்கள் பார்த்ததுண்டா? அவரும் பார்த்ததில்லை. அதனால்தான் அதை விடவில்லை.

நுரையீரலின் குட்டிக் குட்டிக் காற்றுப்பைகளுக்குள்ளே சோப்பு நுரை போல ஒரு பூச்சு ஊற வேண்டும். அது இல்லாவிட்டால் நனைந்த பாலித்தீன் பை மாதிரி ஒட்டிக்கொள்ளும். குறைமாசப் பிள்ளை ஒவ்வொரு மூச்சுக்கும் பையை முதலிலிருந்து பிரித்துப் பிரித்தே ஓய்ந்துபோகும். 1963-ல் அமெரிக்க ஜனாதிபதி கென்னடியின் மகன் ஐந்தரை வாரம் முந்திப் பிறந்து, 39 மணி நேரத்தில் இப்படித்தான் போனான். பணம் இல்லாமலா போனான்?

அந்த ஆட்டுக்குட்டிக்குப் போன ஸ்டீராய்டு, இந்தப் பூச்சை முன்கூட்டியே ஊற வைத்திருந்தது. அதே வகை மருந்தை லிக்கின்ஸும் குழந்தை மருத்துவர் ராஸ் ஹோவியும் 282 தாய்மாரிடம் சோதித்து 1972-ல் முடிவை வெளியிட்டார்கள். மருந்து போடாத பக்கம் முதல் வாரத்திலேயே 100-க்கு 15 பிள்ளைகள் இறந்தன; போட்ட பக்கம் மூன்று. அப்புறமும் உலகம் உடனே நம்பிவிடவில்லை. எல்லா டாக்டர்களும் இதைக் கையில் எடுக்க வேண்டும் என்று அமெரிக்க அரசின் சுகாதார நிறுவனம் அழுத்திச் சொன்னது 1994-ல். உங்களைப் போலவே சந்தேகப்பட்டவர்கள்தான், ஆனால் டாக்டர்கள்.

வியாபாரம் என்கிறீர்கள். இந்த ஸ்டீராய்டில் ஒன்றான டெக்சாமெத்தசோன் நாலு ஊசிக்கு ஆகிற செலவு ரொம்பக் கொஞ்சம். பழைய மருந்து, எந்தக் கம்பெனியும் இதை வைத்துப் பணக்காரன் ஆகப் போவதில்லை. 2014-லிருந்து, குறைமாச வலி என்றால் கிராம செவிலியரே முதல் ஊசியைப் போட்டு அனுப்பலாம் என்று மத்திய அரசு வழிகாட்டியிருக்கிறது.

சந்தேகப்படத்தான் வேண்டுமென்றால் அதற்கும் இடம் இருக்கிறது. ஆறு நாடுகளில் கிராம மட்டம் வரை இந்த ஊசியைக் கொண்டுபோய்ப் பார்த்த ஓர் ஆய்வில் பிள்ளைச் சாவு குறையவில்லை, கூடியது. அங்கே எத்தனையாவது வாரம் என்றே சரியாகக் கணிக்காமல் பலருக்குப் போட்டிருந்தார்கள். பிறகு உலக சுகாதார நிறுவனம், இந்தியா உள்ளிட்ட ஐந்து நாடுகளில், ஸ்கேன் பார்த்து வாரம் கணித்து, பச்சைப்பிள்ளையைப் பார்க்க வசதியுள்ள ஆஸ்பத்திரிகளில் மட்டும் கொடுத்துப் பார்த்தது. சாவு குறைந்தது, பலன் தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வையே முன்கூட்டி நிறுத்திவிட்டார்கள். 2020-ல் வந்த முடிவு அது. ஆக, டாக்டரிடம் நீங்கள் கேட்டிருக்க வேண்டியது ஆட்டைப் பற்றி அல்ல. எத்தனையாவது வாரம், பிள்ளை பிறந்தால் வைத்துப் பார்க்க இங்கே இடம் இருக்கிறதா, இந்த இரண்டும்தான்.

இன்னொன்று. இந்த ஊசி முழுதாக வேலை செய்ய ஒரு பகல், ஒரு ராத்திரியாவது ஆகும். பிள்ளை வெளியே வந்த பிறகு தாய்க்குப் போட்டுப் பயனில்லை. சீரகத் தண்ணீருக்கு நீங்கள் கொடுத்தது அந்த ஒரு ராத்திரியை. மருமகளுக்கு மூன்றாம் நாள் வரை தாங்கியது உங்கள் அதிர்ஷ்டம். கிடையில் ஒரு சினை ஆடு நாளுக்கு முன்னால் முனகினால், டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு அந்த நிமிஷமே எழுந்து போவீர்கள். மருமகள் முனகியபோது விடியட்டும் என்று இருந்துவிட்டீர்கள், அண்ணாச்சி.