பச்சிளங்குழந்தைகளுக்கான கிரேனியோசேக்ரல் தெரபி: படிக்கத் துடிக்கும் மகளின் அம்மாவுக்கு

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். தலையிலும் முதுகின் அடியிலும் லேசாகக் கை வைத்துச் செய்யும் கிரேனியோசேக்ரல் சிகிச்சைக்குப் பிறகு அக்கா குழந்தையின் அழுகை நின்ற அன்றிலிருந்து மகள் வேறு எதையும் காதில் வாங்குவதில்லை, பள்ளி முடிந்ததும் நேராக கிரேனியோசேக்ரல் தெரபி பயிற்சியில் சேருவேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். "தலையில் கை வைப்பதெல்லாம் ஒரு படிப்பா?" என்றும் கேட்டிருக்கிறீர்கள். கோபத்தைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். அவள் கண்ணால் பார்த்ததைப் பொய் என்று சொல்லி ஆரம்பித்தால், அதற்கு மேல் நீங்கள் சொல்லும் எதுவும் அவள் காதில் ஏறாது.

இந்தச் சிகிச்சையை ஒருமுறை அனுமதி கேட்டு ஓரமாக உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். ஆறு வாரக் குழந்தை, அம்மா மடியில். தெரபிஸ்ட் ஒரு உள்ளங்கையைப் பிடரிக்குக் கீழே கொடுத்தார். இன்னொன்றை இடுப்புக்குப் பின்னால், முதுகெலும்பு முடியும் இடத்திலுள்ள முக்கோண எலும்புக்குக் கீழே வைத்தார். அமுக்கவில்லை, முறுக்கவில்லை. இந்தத் துறையில் 5 கிராம் அழுத்தம் என்பார்கள். ஒரு சில்லறைக் காசை விரலில் வைத்தால் தெரியும் கனம், அவ்வளவுதான். அறையில் வெளிச்சம் குறைவு, போன் இல்லை, யாரும் பேசவில்லை. கால் மணி நேரத்தில் குழந்தை இரண்டு கொட்டாவி விட்டது. இறுக்கிப் பிடித்திருந்த விரல்கள் ஒவ்வொன்றாக விரிந்தன. அதோடு இன்னொன்றையும் கவனித்தேன். அம்மாவின் தோள்களும் அதே நேரத்தில் கீழே இறங்கின.

உங்கள் மகள் பார்த்தது அநேகமாக இதைத்தான். அதற்கு அவள் நம்பும் காரணத்தைத்தான் நாம் கொஞ்சம் உட்கார்ந்து பேச வேண்டும்.

இது எங்கிருந்து வந்தது என்று அவளுக்குத் தெரியுமா, கேட்டுப் பாருங்கள். அமெரிக்காவில் கிர்க்ஸ்வில் என்ற ஊரில் ஆஸ்டியோபதி (எலும்பு, தசைகளைக் கையால் சரிசெய்யும் மருத்துவ முறை) படித்து 1900இல் பட்டம் பெற்ற வில்லியம் சதர்லாந்து, பிரித்து வைத்திருந்த ஒரு மண்டையோட்டைப் பார்க்கிறார். பொட்டு எலும்பின் விளிம்பு மீன் செவுள் மாதிரி சாய்வாக இருக்கிறது. இப்படி இருந்தால் இது அசைவதற்காகத்தானே இருக்கும் என்று அவருக்குத் தோன்றுகிறது. அந்த ஒரு யோசனையிலிருந்து கிரேனியல் ஆஸ்டியோபதி, அதாவது மண்டை எலும்புகளைத் தொட்டுச் செய்யும் ஆஸ்டியோபதி, பிறந்தது. 1970களில் ஜான் அப்லெட்ஜர் என்ற ஆஸ்டியோபதி மருத்துவர், ஒரு கழுத்து அறுவை சிகிச்சையில் தண்டுவடத்தைச் சுற்றிய சவ்வு ஒரு தாளத்தில் அசைவதாகக் கண்டார். மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் அதை ஆராய்ந்தார். 1985இல் சொந்தமாக ஒரு பயிற்சி நிறுவனம் தொடங்கி, மருத்துவர் அல்லாதவர்களுக்கும் சொல்லிக் கொடுத்தார். கிரேனியோசேக்ரல் தெரபி என்ற பெயர் பரவியது அவரால்தான்.

இதில் உண்மையும் ஊகமும் பின்னிக் கிடக்கின்றன. மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றி ஒரு நீர் இருப்பது உண்மை. பெரியவர்களிடம் எந்த நேரத்திலும் சுமார் 150 மில்லி இருக்கும், ஒரு நாளில் சுமார் 500 மில்லி சுரக்கும். இதயத் துடிப்புக்கும் மூச்சுக்கும் ஏற்ப அது அசைவதும் உண்மை. பச்சைக்குழந்தையின் மண்டை எலும்புகள் இணையாமல் இருப்பதும் உண்மை. முன் உச்சிக்குழி பெரும்பாலும் ஒன்று, ஒன்றரை வயதில்தான் மூடும். ஆனால் இதயத் துடிப்பும் அல்லாத, மூச்சும் அல்லாத மூன்றாவது தாளம் ஒன்று உண்டு, அது நிமிடத்துக்கு 6 முதல் 12 தடவை வரும், பழகிய கைக்கு அது தெரியும் என்கிறார்களே, அங்கேதான் கயிறு அறுகிறது. 1994இல் வெளியான ஓர் ஆய்வில் மூன்று பிசியோதெரபிஸ்டுகள் அதே 12 பேரை ஒருவர் பின் ஒருவராகத் தொட்டு எண்ணினார்கள். ஒருவர் எண்ணியது இன்னொருவர் எண்ணியதோடு ஒத்துப்போகவே இல்லை. நாடி பிடித்துப் பார்க்கும் மூன்று நர்சுகள் மூன்று விதமாகச் சொன்னால் நாம் என்ன நினைப்போம்?

விரலுக்கு உணர்வு இல்லை என்று சொல்லவில்லை. ஆஸ்டியோபதி மாணவர்களுக்கு ஒரு பழைய பயிற்சி உண்டு. ஒரு தலைமுடியைப் புத்தகத் தாளுக்கு அடியில் வைத்து, மேலிருந்து விரலால் தடவிக் கண்டுபிடிக்க வேண்டும். அப்புறம் தாள்களைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். மகளைச் செய்து பார்க்கச் சொல்லுங்கள், நன்றாகவே வரும். ஆனால் தாளை எடுத்துப் பார்த்தால் முடி இருக்கும். தலையில் உணர்ந்த தாளத்தைச் சரிபார்க்க அப்படி எடுத்துப் பார்க்கும் தாள் எதுவும் இல்லை. நம் விரல் நுனியிலேயே நம்முடைய நாடி துடித்துக்கொண்டிருக்கிறது என்பதையும் மறந்துவிடக் கூடாது.

பலன் விஷயத்துக்கு வருகிறேன். பெருமூளை வாதம் உள்ள 142 குழந்தைகளிடம் கிரேனியல் ஆஸ்டியோபதியைச் சோதித்த ஆய்வு 2011இல் வெளியானது. எந்தக் குழந்தைக்கு சிகிச்சை நடந்தது என்று தெரியாதவர்கள் அளந்தபோது உடலியக்கத்தில் முன்னேற்றம் தெரியவில்லை. ஆனால் சிகிச்சை பெற்ற குழந்தைகளின் பெற்றோரில் அதிகம் பேர் "பொதுவாக இப்போது தேவலை" என்றார்கள். எனக்கு இந்த ஆய்வில் முக்கியமாகப் படுவது இந்த இரண்டாவது பாதிதான். பெற்றோர் பொய் சொல்லவில்லை. குழந்தைக்கு ஒருவர் நேரம் கொடுத்தார், பொறுமையாகத் தொட்டார், அவர்கள் மனசு லேசாயிற்று. அழும் குழந்தைகளிடம் நடந்த சில சிறிய ஆய்வுகள் சாதகமாகவும் வந்திருக்கின்றன. ஆனால் அழுகையைக் குறித்து வைப்பவர் பெற்றோர்தான், சிகிச்சை நடந்ததும் அவர்களுக்குத் தெரியும். கைக்குழந்தையின் அழுகை ஆறாவது வாரத்தை ஒட்டி உச்சத்துக்குப் போய், மூன்று நான்கு மாதத்தில் தானாகவே குறைந்துவிடும். ஏழாவது வாரத்தில் யார் என்ன ஆரம்பித்தாலும் ஜெயிப்பார்கள். உங்கள் பேரனுக்கு அப்போது எத்தனை வாரம் என்று எழுதவில்லையே?

அதற்காகத் தொடுதலே வீண் என்று மகளிடம் சொல்லிவிடாதீர்கள், அது தவறு. 1978இல் கொலம்பியாவின் பொகோட்டாவில் ஒரு மருத்துவமனையில் இன்குபேட்டர் போதாமல், குறைமாதக் குழந்தைகளை அம்மாவின் மார்போடு தோலும் தோலும் ஒட்ட வைத்தார்கள். இன்று உலகம் முழுக்கப் பரிந்துரைக்கப்படும் கங்காரு பராமரிப்பு அதுதான். 1986இல் அமெரிக்க உளவியலாளர் டிஃபனி ஃபீல்டும் அவர் குழுவினரும் குறைமாதக் குழந்தைகளுக்குப் பத்து நாள், தினம் மூன்று முறை, தலா 15 நிமிடம் மசாஜ் கொடுத்தார்கள். மசாஜ் பெறாத குழந்தைகளைவிட இவர்களுக்கு 47 சதவீதம் அதிகமாக எடை கூடியது. அந்தத் தொடுதல் இறகு மாதிரி மென்மையானது இல்லை. மிதமான அழுத்தம் வேண்டும், மிக லேசாகத் தொட்டால் குழந்தைக்குக் கூச்சம்தான் வரும் என்றும் அவர்கள் கண்டார்கள். உங்கள் மகளுக்கு இருக்கும் ஆசைக்கு, உறுதியான தரையில் இத்தனை இடம் இருக்கிறது.

இனி வேலை. கிரேனியோசேக்ரல் தெரபியின் முதல் நிலைப் பயிற்சி பெரும்பாலும் சில நாட்களில் முடிந்துவிடும். பயோடைனமிக் என்ற கிளையில் வட அமெரிக்கச் சங்கம் 700 மணி நேரம் கேட்கிறது. நாளாக இருந்தாலும் மாதமாக இருந்தாலும் கையில் கிடைப்பது சான்றிதழ். உரிமம் என்பது வேறு. பிரிட்டனை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே ஆஸ்டியோபாத், பிசியோதெரபிஸ்ட் என்ற பெயர்களைச் சட்டப்படி பதிவு செய்தவர்கள் மட்டுமே போட்டுக்கொள்ள முடியும். கிரேனியோசேக்ரல் தெரபிஸ்ட் என்ற பெயருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை, விரும்பினால் ஒரு தன்னார்வப் பட்டியலில் சேரலாம். இந்தப் பயிற்சிக்கு வருபவர்களில் நிறையப் பேர் ஏற்கனவே நர்சாகவோ, பிசியோதெரபிஸ்டாகவோ, மசாஜ் தெரபிஸ்டாகவோ இருப்பவர்கள். அவர்களுக்கு இது மாடியில் கட்டும் ஓர் அறை. உங்கள் மகள் இதையே அஸ்திவாரமாகப் போடப் பார்க்கிறாள்.

அஸ்திவாரம் இல்லாவிட்டால் சம்பளம் மட்டும் அடிபடும் என்று நினைக்காதீர்கள். நான் உண்மையில் பயப்படுவது வேறு ஒன்றுக்கு. மூன்று மாதத்துக்குள் இருக்கும் குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸ் காய்ச்சல் என்றால், வேறு எந்த அறிகுறியும் இல்லாவிட்டாலும் உடனே மருத்துவரிடம் போக வேண்டும். அழாமல் நிமிர்ந்து இருக்கும்போதும் உச்சிக்குழி புடைத்திருந்தால் அவசரம். தலை ஒரு பக்கம் தட்டையாக இருப்பது பெரும்பாலும் படுத்த நிலையால் வருவது. ஆனால் சுமார் 2,000 முதல் 2,500 குழந்தைகளில் ஒருவருக்கு மண்டை எலும்பின் இணைப்பு முன்கூட்டியே ஒட்டிக்கொள்வதால் அது நேரும், அதற்கு அறுவை சிகிச்சை தேவைப்படலாம். கை வைத்துப் பார்க்கிறேன் என்று நாலு வாரம் ஓட்டினால், அந்த நாலு வாரம் திரும்பி வராது. பாலுக்குப் பின் பீய்ச்சி அடிக்கும் வாந்தியும் அப்படித்தான். அழுகிற குழந்தையை மடியில் வாங்கும் ஒருவருக்கு, "என்னிடம் வேண்டாம், இப்போதே மருத்துவமனைக்குப் போங்கள்" என்று சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். வார இறுதிப் பயிற்சியில் அது வராது. வார்டில் சீனியர் பக்கத்தில் நின்று பல நூறு குழந்தைகளைப் பார்த்த பின்தான் வரும்.

ஆகவே என் யோசனை, அவள் முதலில் பிசியோதெரபியோ, ஆக்குபேஷனல் தெரபியோ, நர்சிங்கோ படிக்கட்டும். அவள் மனசுக்கு பிசியோதெரபிதான் நெருக்கமாக இருக்கும் என்று தோன்றுகிறது. பிறந்ததிலிருந்தே கழுத்து ஒரு பக்கம் சாய்ந்திருக்கும் குழந்தைகள் வருவார்கள். அதே பிடரியில் அதே மாதிரி கை வைத்து, ஆனால் எந்தத் தசை இறுகியிருக்கிறது, எத்தனை டிகிரி திரும்புகிறது என்று அளந்து, வீட்டில் எப்படிப் படுக்க வைக்க வேண்டும் என்று அம்மாவுக்குச் சொல்லிக் கொடுப்பாள். அடுத்த மாதம் மறுபடி அளப்பாள். கூடியதா இல்லையா என்று அவளுக்கே தெரியும். பால் குடிக்கச் சிரமப்படும் குழந்தைகள்மேல் அக்கறை அதிகம் என்றால், பேச்சு மற்றும் விழுங்கல் சிகிச்சை, தாய்ப்பால் ஆலோசனை என்று அதற்கும் வழிகள் உண்டு.

படிப்பு முடித்து, உரிமம் வாங்கி, இரண்டு மூன்று வருடம் வேலை பார்த்த பிறகும் கிரேனியோசேக்ரல் கற்க வேண்டும் என்று தோன்றினால் கற்கட்டும். நான் தடுக்க மாட்டேன். அப்போது அவள் கேட்கும் கேள்விகளே வேறாக இருக்கும். வருமானத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. தனியாக நடத்தினால் மணிக்கு ஒரு குழந்தை, அதுவும் சில வாரம் வந்துவிட்டு வளர்ந்து போய்விடும். எப்போதும் புதிய பெற்றோரைத் தேடிக்கொண்டே இருக்க வேண்டும். வேறொரு சம்பளம் இல்லாமல் ஆரம்பத்தில் தாக்குப்பிடிப்பது கஷ்டம்.

இந்த வாரம் நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். அவள் சேர நினைக்கும் பயிற்சி மையத்துக்கு அவளையே போன் பண்ணச் சொல்லுங்கள், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்தால் போதும். ஏற்கனவே மருத்துவ உரிமம் இல்லாதவர் இந்தச் சான்றிதழை வைத்துக் கைக்குழந்தைகளைத் தொடச் சட்டம் அனுமதிக்கிறதா என்று கேட்கட்டும். பயிற்சிக் காலத்தில் எத்தனை குழந்தைகளை, யார் மேற்பார்வையில் பார்ப்போம் என்று கேட்கட்டும். எந்தக் குழந்தையைத் தொடாமல் திருப்பி அனுப்பச் சொல்லித் தருகிறீர்கள் என்றும் கேட்கட்டும். பதில்களை அவள் கையாலேயே எழுதட்டும். மூன்றாவது கேள்விக்கு "அதெல்லாம் போகப் போகத் தெரியும்மா" என்று பதில் வந்தால், அந்தத் தாளை எடுத்துக்கொண்டு இரண்டு பேருமாக என்னை வந்து பாருங்கள்.