வளைவில் மட்டும் சத்தம்: பழைய ஸ்போர்ட்ஸ் கார் கேள்வி–பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே புலம்பல். நேரே போனால் சமர்த்தாகப் போகும் வண்டி, ஸ்டியரிங்கைத் திருப்பியதும் வாயைத் திறக்கிறதாம். பதில் சொல்லும் முன் ஒரு வேண்டுகோள். "ஒரு மாதிரி சத்தம் வருது சார்" என்று எழுதினால் நானும் ஒரு மாதிரியாகத்தான் பதில் எழுத முடியும். எந்தப் பக்கம் திருப்பும்போது? என்ன வேகத்தில்? ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போதா, காலை எடுக்கும்போதா, பிரேக்கிலா? மேடு பள்ளத்திலா, மழமழ ரோட்டிலுமா? இவ்வளவும் எழுதுங்கள். வண்டி பெயரையும் வருடத்தையும் விட்டுவிட்ட கடிதங்களை நான் பிரிப்பதோடு சரி.

கேள்வி: 1991 மஸ்டா மியாட்டா. 50 கிலோமீட்டருக்கு மேல் போனால் உர்ர்ர் என்று ஒரு முனகல். இடப்பக்கம் வளைந்தால் கூடுகிறது, வலப்பக்கம் வளைந்தால் அடங்குகிறது. கியரில் இருந்தாலும் நியூட்ரலில் உருண்டாலும் அதே சத்தம்.

பதில்: கடிதம் எழுதினால் இப்படி எழுத வேண்டும். நியூட்ரலிலும் மாறவில்லை என்றால் இன்ஜின், கியர்பாக்ஸ் இரண்டையும் மறந்துவிடலாம். இடப்பக்கம் திரும்பும்போது வண்டியின் பாரம் வலப்பக்கச் சக்கரங்கள் மேல் சாயும். எனவே முதல் சந்தேகம் வலது வீல் பேரிங், அதாவது சக்கரம் தடையின்றிச் சுழல உதவும் குண்டு வளையம். முன்னா பின்னா என்பதைக் காதால் முடிவு செய்யாதீர்கள், வண்டிக்குள் சத்தம் ஊர் சுற்றும். வண்டியைத் தூக்கி, ஸ்டாண்ட் வைத்து (ஜாக்கை மட்டும் நம்பிக் கையை உள்ளே விடாதீர்கள்), ஒரு கையால் சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டே இன்னொரு கையின் விரல் நுனியைக் காயில் ஸ்பிரிங் மேல் வையுங்கள். போன பேரிங் என்றால் மணலை அரைப்பது போன்ற அதிர்வு ஸ்பிரிங் வழியே விரலுக்கு வரும். நல்ல பக்கத்தையும் தொட்டுப் பார்த்தால் வித்தியாசம் புரிந்துவிடும். சில இரட்டை வரிசை பேரிங்குகள் பாரம் குறையும்போதுதான் கத்தும். அதனால் தொட்டுப் பார்க்காமல் ஆர்டர் போடாதீர்கள். உங்கள் வண்டியில் முன்பக்கம் முழு ஹப்பாகத்தான் (சக்கரம் மாட்டும் நடுப்பகுதி) மாற்ற வேண்டும், பேரிங்கை இறுக்கிச் சரிக்கட்ட வழி இல்லை. பின்பக்கம் என்றால் பிரஸ் வைத்திருப்பவரிடம் போங்கள். சுத்தியலால் அடித்து ஏற்றிய பேரிங் அன்றைக்கே பாதி செத்துவிடும்.

கேள்வி: இதே முனகல்தான் எனக்கும். முன்பக்க பேரிங் இரண்டையும் மாற்றிவிட்டேன். சத்தம் போகவில்லை. அடுத்து பின்பக்கத்தையும் மாற்றலாமா?

பதில்: டயரைப் பார்த்தீர்களா? கடிதம் முழுக்கத் தேடினேன், டயர் என்ற சொல்லே இல்லை. உள்ளங்கையை ட்ரெட் மேல் முன்னும் பின்னும் தடவுங்கள். ஒரு பக்கம் வழுவழுப்பாகவும் எதிர்ப்பக்கம் ரம்பப் பல்லாகவும் பட்டால் சத்தம் அங்கேதான். அலைன்மென்ட் கெட்டுத் தேய்ந்த டயர், பேரிங் மாதிரியே பாடும். முன் டயர்களை அதே பக்கம் பின்னுக்கு மாற்றி ஓட்டிப் பாருங்கள். சத்தமும் பின்னால் போனால் பேரிங் பாவம், நிரபராதி. கூடவே டயர் பக்கவாட்டில் உள்ள நாலு இலக்கத்தையும் படியுங்கள். 3512 என்றால் 2012-ம் ஆண்டின் 35-வது வாரம். பழைய ஸ்போர்ட்ஸ் கார்கள் ஓடுவதை விட நிற்பதே அதிகம். ட்ரெட் புதிதாகத் தெரியும், ரப்பர் மட்டும் கல்லாகியிருக்கும்.

கேள்வி: ஹோண்டா சிஆர்எக்ஸ். ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பி மெல்ல மிதித்தால் முன்னால் டக் டக் டக்.

பதில்: வெளிப்பக்க சி.வி. ஜாயிண்ட், அதாவது முன்சக்கரம் திரும்பினாலும் இன்ஜின் விசையைக் கொண்டுபோகும் மூட்டு. ரப்பர் பூட் கிழிந்து கிரீஸ் தெறித்திருக்கும், குனிந்து பாருங்கள்.

கேள்வி: பிஎம்டபிள்யூ இ30, 325ஐ. லிமிட்டெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் உள்ள வண்டி. மெதுவாக இறுக்கமாகத் திருப்பினால் பின்னால் கடகடவென்று உதறுகிறது. வேகத்தில் ஒன்றும் இல்லை. புது டிஃபரன்ஷியல் தேட வேண்டுமா?

பதில்: வேண்டாம். கடைசியாக யார், என்ன ஆயில் ஊற்றினார்கள் என்று தேடுங்கள். டிஃபரன்ஷியல் என்பது இரண்டு சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துத் தரும் பெட்டி, லிமிட்டெட் ஸ்லிப் என்றால் ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுழல்வதைத் தடுப்பது. உங்கள் வண்டியில் இருப்பது பிளேட் வகை. திரும்பும்போது உள்சக்கரமும் வெளிச்சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் ஓட, பிளேட்டுகள் ஒன்றின் மேல் ஒன்று வழுக்கியாக வேண்டும். சாதா கியர் ஆயில் ஊற்றினால் பிடித்து விட்டு, பிடித்து விட்டு உதறும். லிமிட்டெட் ஸ்லிப்புக்கென்றே வரும், ஃப்ரிக்‌ஷன் மாடிஃபையர் (உரசலைத் தணிக்கும் கலவை) சேர்ந்த ஆயிலை ஊற்றுங்கள். ஊற்றியபின் காலி மைதானத்தில் எட்டுப் போட்டு மெதுவாகப் பத்துப் பதினைந்து சுற்று ஓட்டினால்தான் ஆயில் பிளேட்டுகளுக்கு நடுவே போகும். பல்சக்கரங்களால் இயங்கும் டார்சன், கெட்டித் திரவத்தால் இயங்கும் விஸ்கஸ் வகைகளில் இப்படி ஒன்றையொன்று உரசும் பிளேட்டுகள் கிடையாது. அங்கே இதே உதறல் வந்தால் காரணத்தை வேறு இடத்தில் தேட வேண்டும்.

கேள்வி: முன்பக்க சஸ்பென்ஷனில் ரப்பர் புஷ் அத்தனையும் போன வருடம்தான் மாற்றினேன். இப்போதே ஒவ்வொரு வளைவிலும் கிறீச் கிறீச். வண்டியின் முன்பக்கமும் முன்னைவிட ஒரு விரல் உயர்ந்து நிற்கிறது. டூப்ளிகேட் சரக்கைத் தலையில் கட்டிவிட்டார்களோ?

பதில்: சரக்கைத் திட்டும் முன், போட்டவர் போல்ட்டை எந்த நிலையில் முறுக்கினார் என்று கேளுங்கள். "ஒரு விரல் உயரம்" என்று விடையை நீங்களே எழுதிவிட்டீர்கள்.

இதை எத்தனை தடவை எழுதினாலும் யாரும் கேட்பதாக இல்லை. ரப்பர் புஷ் என்பது வெளியே ஒரு குழல், உள்ளே ஒரு குழல், நடுவே இரண்டோடும் ஒட்டிக்கொண்ட ரப்பர். போல்ட்டை இறுக்கியதும் உள்குழல் பிராக்கெட்டோடு அசையாமல் பிடித்துக்கொள்ளும். அதற்குப் பின் சக்கரத்தைத் தாங்கும் ஆர்ம் மேலும் கீழும் போவது முழுக்க ரப்பர் முறுகி நிமிர்வதால்தான். அங்கே எதுவும் வழுக்கிச் சுழல்வதில்லை. வண்டியை லிஃப்டில் ஏற்றி, சக்கரம் அந்தரத்தில் தொங்க, ஆர்ம் கீழே சரிந்து கிடக்கும்போதே போல்ட்டை இறுக்கினால் ரப்பருக்கு அந்தத் தொங்கும் நிலைதான் இயல்பு நிலை. வண்டி தரையில் இறங்கிய நொடியிலேயே அத்தனை புஷ்ஷும் பிழிந்த ஈரத்துணி மாதிரி முறுகி நிற்கும். நிற்கும்போதே இந்தக் கதி என்றால் வளைவில் வண்டி சாயும்போது? முதலில் கிறீச்சிடும். அப்புறம் ரப்பர் குழலை விட்டுப் பிரியும். அதுவரை முறுகிய ரப்பர் கூடுதல் ஸ்பிரிங்காக வண்டியை மேலே தள்ளிக்கொண்டிருக்கும். உங்கள் ஒரு விரல் அதுதான்.

சரியான முறைக்கு அரை மணி நேரம் கூடச் செலவாகாது. போல்ட்டுகளை விரலால் திருகும் அளவுக்கு மாட்டுங்கள். வண்டியை நாலு சக்கரத்தில் நிற்க வையுங்கள். குழிமேடையோ சாய்மேடையோ இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் ஸ்டாண்டில் இருக்கும் வண்டியின் கீழ் ஆர்முக்கு அடியில் ஜாக்கைக் கொடுத்து, பாரம் ஸ்டாண்டை விட்டு எழும்பப் போகிற அளவுக்கு ஏற்றுங்கள். ஸ்டாண்டை எடுத்துவிடாதீர்கள். அதன்பின் டார்க் ரெஞ்சால் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பானர்) இறுக்குங்கள். வேலை இவ்வளவுதான். "ஓட ஓடத் தானா செட் ஆகிடும் சார்" என்று எந்த மெக்கானிக்காவது சொன்னால் சாவியைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். இறுக்கிய உள்குழல் செட் ஆகாது. அப்படிச் செட் ஆகுமென்றால் அந்த போல்ட் லூஸாக இருக்கிறது என்று அர்த்தம்.

உங்கள் வண்டியில் எல்லா புஷ் போல்ட்டையும் தளர்த்தி, தரையில் நிறுத்தி, முன்னால் நாலைந்து முறை அழுத்தி விட்டு, மறுபடி இறுக்குங்கள். ரப்பர் இன்னும் கிழியவில்லை என்றால் சத்தமும் உயரமும் ஒன்றாகப் போகும். அதற்கு முன் தயவுசெய்து எண்ணெய் எதையும் தெளிக்காதீர்கள். மினரல் ஆயில் பட்டால் ரப்பர் ஊதிப் பஞ்சாகும். பாலியூரித்தேன் புஷ் போட்டவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை, அது குழல் மேல் தாராளமாகச் சுழலும். ஆனால் சிலிகான் கிரீஸ் காய்ந்தால் அதுவும் எலிக்குஞ்சுச் சத்தம் போடும்.

கேள்வி: எம்ஜிபி, ஸ்போக்ஸ் வீல். வளைவில் கிளிக் கிளிக்.

பதில்: சின்ன ஸ்பானரால் ஒவ்வொரு ஸ்போக்காகத் தட்டுங்கள். நல்லது ணங் என்னும், லூஸானது மொத்தென்னும். எல்லாம் ணங் என்றால் சக்கரத்தைக் கழற்றி ஹப்பின் பல்வரிகளைப் பாருங்கள். பல் கத்திமுனையாகத் தேய்ந்திருந்தால் ஹப்பும் சக்கரமும் சேர்த்து மாற்ற வேண்டும், ஒன்றை மட்டும் மாற்றினால் பழையது புதியதைத் தின்றுவிடும். பழைய வண்டி என்பதால் இன்னொன்றும் பாருங்கள்: நடு நட், சக்கரம் முன்னே சுழலும் திசையில் திருகினால்தான் கழல வேண்டும். ஹப்பை யாராவது பக்கம் மாற்றிப் போட்டிருந்தால் அது ஓட்ட ஓட்டத் தானே கழலும்.

கேள்வி: டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர். மெதுவாகத் திருப்பும்போது முன்னால் கரகரவென்று முனகுகிறது. கிரீஸ் அடித்தும் போகவில்லை.

பதில்: சக்கரம் திரும்பும் மரை மூட்டான கீழ் ட்ரனியனுக்குக் கிரீஸ் அடிக்கச் சொன்னது யார்? அங்கே போக வேண்டியது இபி90 கியர் ஆயில். கெட்டிக் கிரீஸ் திருகுமரைக்குள் அடிவரை இறங்காது, தண்ணீர் இறங்கும். துருப்பிடித்த மரை ஒருநாள் உடைந்தால் சக்கரம் மடங்கிப் படுத்துவிடும். கழற்றிச் சுத்தம் செய்து மரையைப் பார்க்காமல் ஓட்டாதீர்கள்.

கேள்வி: பழைய போர்ஷே 911. வலது வளைவில் மட்டும் சர்ர்ர் என்று உரசல். பிரேக்கை லேசாகத் தொட்டால் நின்றுவிடுகிறது. வளைவு முடிந்து முதல் தடவை பிரேக் மிதித்தால் பெடல் கொஞ்சம் ஆழமாகப் போகிறது.

பதில்: கடைசி வரிதான் முக்கியம். பேரிங் லூஸானதால் டிஸ்க் சாய்ந்து பிரேக் பேடைத் தள்ளிவிடுகிறது, அதனால்தான் பெடல் ஆழம். முன்பக்கம் டேப்பர் பேரிங் (கூம்பு உருளை வகை), இறுக்கிச் சரிசெய்யலாம். நட்டுக்கு அடியில் உள்ள வாஷரை ஸ்குரூடிரைவர் நுனியால் நெம்பாமல், விரல் அழுத்தத்தில் நகர்த்த முடிந்தால் அளவு சரி. நகரவே இல்லை என்றால் இறுக்கம் அதிகம், வெந்துவிடும். டிஸ்க்குக்கும் பின்தகட்டுக்கும் நடுவே கல் சிக்கியிருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். சக்கரத்தைத் திரும்ப மாட்டும்போது வீல் நட் சுமார் 130 நியூட்டன் மீட்டர், டார்க் ரெஞ்சில்.

கேள்வி: சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் ப்ளே (தளர்வான ஆட்டம்) தெரிகிறது. பேரிங்கா, பால் ஜாயிண்டா?

பதில்: ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லிவிட்டு மறுபடி ஆட்டுங்கள். ப்ளே காணாமல் போனால் பேரிங், அப்படியே இருந்தால் பால் ஜாயிண்ட் (சஸ்பென்ஷன் ஆர்ம் முனையிலுள்ள உருண்டை மூட்டு). பக்கவாட்டில் மட்டும் ஆடினால் ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராட் அல்லது ரேக். ஸ்டாண்ட் வைத்துத்தானே ஆட்டுகிறீர்கள்?

கேள்வி: அகல டயர் போட்டதிலிருந்து வளைவில் உரசுகிறது. எங்கே என்று தெரியவில்லை.

பதில்: மட்கார்டின் உள்விளிம்பிலும் லைனரிலும் சாக்பீஸ் பூசி ஓட்டுங்கள். எங்கே அழிந்ததோ அங்கே.

கேள்வி: சத்தத்தைப் பதிவு செய்து அனுப்பியிருக்கிறேன். என்னவென்று சொல்லுங்கள்.

பதில்: பாட்டை நிறுத்திவிட்டு மறுபடி பதிவு செய்யுங்கள்.

கேள்வி: ஒவ்வொரு வளைவிலும் பின்னால் ஏதோ உருண்டு போய் மடார் என்று இடிக்கிறது. ஷாக் அப்சார்பர் மாற்றச் சொல்கிறார்கள்.

பதில்: டிக்கியைக் காலி செய்யுங்கள். ஜாக், ஸ்பானர், ஸ்டெப்னி, தண்ணீர் பாட்டில், எல்லாம் வெளியே. அதற்குப் பிறகும் இடித்தால் எழுதுங்கள்.

கேள்வி: போர்ஷே 944. நீண்ட வளைவில் வேகமாகப் போனபோது ஆயில் பிரஷர் விளக்கு மினுக்கியது. அன்றிலிருந்து இன்ஜினில் மெல்லிய டக் டக். அடுத்த சர்வீஸ் வரை ஓட்டலாமா?

பதில்: வீடு வரைகூட வேண்டாம், இழுவை வண்டியைக் கூப்பிடுங்கள். வளைவில் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கி, பம்ப் காற்றை உறிஞ்சியிருக்கிறது. இந்த இன்ஜினில் முதலில் அடிபடுவது இரண்டாம் சிலிண்டர் கனெக்டிங் ராட் பேரிங். சம்ப்பை (இன்ஜின் அடியிலுள்ள ஆயில் தொட்டி) கழற்றி அதைத்தான் முதலில் பார்க்கச் சொல்லுங்கள். இப்போதே நிறுத்தினால் கிராங்க் (இன்ஜினின் முதன்மைத் தண்டு) பிழைக்க வாய்ப்பு உண்டு.