ரீவைண்டிங் பண்ணிய மோட்டார் திரும்பத் திரும்ப எரிகிறதா?

கேள்வி: கோவை கணபதியில் சின்ன மெஷின் ஷாப் வைத்திருக்கிறேன். கம்ப்ரசரின் 10 எச்பி மோட்டார் ஒரே வருடத்தில் மூன்று முறை எரிந்துவிட்டது. சென்சார் மாட்டினால் முன்கூட்டியே மொபைலில் அலாரம் வரும் என்று ஒருவர் சொல்கிறார். மாட்டலாமா?

பதில்: வேண்டாம். அவர் விற்பது அநேகமாக அதிர்வு பார்க்கும் சென்சார். அது பேரிங் தேய்வதைச் சொல்லும். உங்களுக்கு எரிவது காயில், அதாவது மோட்டாருக்குள் சுற்றியிருக்கும் செம்புக் கம்பி.

எரிந்த மோட்டாரின் மூடியைக் கழற்றினாலே பாதி விடை கிடைத்துவிடும். 10 எச்பி மோட்டார் பெரும்பாலும் டெல்டா இணைப்பில், அதாவது மூன்று காயிலும் முக்கோணமாகச் சேர்ந்த இணைப்பில் ஓடும். ஒரு ஃபேஸின் காயில் மட்டும் கருகி, மற்ற இரண்டும் பளிச்சென்று இருந்தால், ஓடும்போது ஒரு ஃபேஸ் போயிருக்கிறது. ஃபியூஸ் லூசா, மோட்டாருக்குக் கரன்டை இணைத்துத் துண்டிக்கும் கான்டாக்டரின் முனை தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். மூன்றும் ஒரே மாதிரி கருகியிருந்தால் ஓவர்லோடு, இல்லையென்றால் ஃபேன் கவரில் தூசி அடைத்துச் சூடேறியிருக்கும்.

சிக்கல் என்னவென்றால், நீங்கள் பார்ப்பதற்குள் ரீவைண்டிங் கடைக்காரர் காயிலை உருவி செம்பை எடைக்குப் போட்டிருப்பார். பிரிப்பதற்கு முன் போட்டோ கேளுங்கள். பழைய கம்பியின் கேஜையும் (தடிமன்) எத்தனை சுற்று என்பதையும் எழுதி வாங்குங்கள். மெல்லிய கம்பியால் சுற்றுவது, வார்னிஷ் போட்டு ஓவனில் வைக்காமல் வெயிலில் காயவைப்பது, பழைய காயிலைப் பிடுங்க கேஸ் தீயைக் காட்டி ஸ்டாம்பிங்கை (காயில் உட்காரும் இரும்புத் தகடுகளை) கெடுப்பது, எல்லாம் நடக்கிறது. சில பட்டறைகளில் மெயின்டனன்ஸ் ஆளுக்கே ரீவைண்டிங் கடையில் கமிஷன் உண்டு. எரிய எரிய அவருக்கு லாபம்.

அப்புறம் ஓவர்லோடு ரிலே, அதாவது கரன்ட் அளவுக்கு மேல் போனால் மோட்டாரை நிறுத்தும் கருவி. நேம் பிளேட்டில் உள்ள ஆம்பியருக்கு வைக்க வேண்டும். ட்ரிப் ஆகிறதே என்று எலக்ட்ரீஷியன் திருகைக் கூட்டிவிட்டுப் போவதுதான் நம் ஊர் வழக்கம்.

ஆனால் உங்களுடையது ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர் (முதலில் ஸ்டார் இணைப்பில் கிளப்பி, பிறகு டெல்டாவுக்கு மாற்றுவது) என்றால் கணக்கு வேறு. இதில் நிறைய பேர் கோட்டை விடுகிறார்கள். அதில் ரிலே வழக்கமாக மெயின் கான்டாக்டருக்குக் கீழே இருக்கும். லைன் கரன்டில் 58 சதவீதம்தான் அதன் வழியாகப் போகும். நேம் பிளேட்டில் 14 ஆம்பியர் என்றால் ரிலேயை 8.1-ல் வைக்க வேண்டும். 14-ல் வைத்தால் லைனில் 24 ஆம்பியர் போகும் வரை அது பேசாமல் இருக்கும். மோட்டார் தாங்குமா? அதே ரிலே சப்ளை உள்ளே வரும் லைனிலேயே இருந்தால் முழு 14. உங்கள் ஸ்டார்ட்டரில் எங்கே இருக்கிறது என்று திறந்து பார்த்துவிட்டுத் திருகைத் தொடுங்கள்.

வாரம் ஒருமுறை லோடில் ஓடும்போது டாங் டெஸ்டரால் (ஒயரைச் சுற்றிக் கவ்வி ஆம்பியர் காட்டும் மீட்டர்) மூன்று ஃபேஸையும் அளந்து எழுதுங்கள். ஃபேஸ்களுக்குள் வோல்டேஜில் சின்ன வித்தியாசம் இருந்தாலே, சதவீதக் கணக்கில் கரன்டில் அதைப்போல 6 முதல் 10 மடங்கு வித்தியாசம் வரும். ஆடிட்டருக்காக வைத்திருக்கும் செக்லிஸ்ட்டில் எல்லாக் கட்டத்திலும் ஒரே பேனாவில் டிக் அடித்து, மாசக் கடைசியில் ஒரே நாளில் கையெழுத்து வாங்குவீர்கள். ஆடிட்டருக்கும் அது போதும். அந்த டிக் கட்டத்தில் ஆம்பியரை எழுதச் சொல்லுங்கள்.