காலண்டரில் வட்டமிட்டவருக்கு

கேள்வி: செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். மாதவிலக்குக்கு ஒரு வாரம் முன்பே என் மனைவிக்கு மார்பு வலி, வயிற்று உப்புசம், அழுகை, கடுங்கோபம் எல்லாம் வந்துவிடுகின்றன. விலக்கான இரண்டாம் நாளே தெளிந்துவிடுகிறார். ‘நாங்களெல்லாம் பெண்கள் இல்லையா?’ என்கிறார் அம்மா. அந்த நாட்களைக் காலண்டரில் வட்டமிட்டு வைத்து, ஏற்காட்டில் நண்பரின் காபித் தோட்டத்துக்குப் போய்விடுகிறேன். இது நோயா, நடிப்பா?
– வாசகர், சேலம்

பதில்: போகிறபோக்கில் நீங்கள் எழுதிய அந்த வட்டத்திலேயே விடை இருக்கிறது. மாதந்தோறும் தேதி பிசகாமல் வந்து, உதிரம் கண்டதும் அடங்கிப்போவது நடிப்பு அல்ல. இரண்டு மாதமாவது அன்றாடம் குறித்துவைத்த பதிவைத்தான் இந்தத் தொல்லைக்கு மருத்துவரும் முதலில் கேட்பார். அதில் பாதியைச் செய்த நீங்கள், அதையே பேருந்து அட்டவணைபோல வைத்துக்கொண்டு மலையேறிவிட்டீர்கள். மனைவி எந்த நாளில் தவிப்பார் என்று தெரிந்துகொண்டே, அடுப்பையும் அம்மாவின் குத்தல் பேச்சையும் அவர் ஒருவர் தலையில் கட்டிவிட்டுப் போவதை அறியாமை என்று நான் மன்னிக்க மாட்டேன். இல்லறக் கடமைக்கு மாதத்தில் ஒரு வாரம் விடுமுறை கிடையாது.

உங்கள் அம்மாவுக்கும் பதில் உண்டு. கருமுட்டை வெளியான பின் புரோஜெஸ்டிரோன் என்ற சினைப்பை ஹார்மோன் உயர்ந்து, விலக்குக்கு முன் சரிவது எல்லாப் பெண்களுக்கும் பொதுதான். அமெரிக்காவில் 1998இல் வெளியான ஓர் ஆய்வில், இந்தத் தொல்லை உள்ள பெண்களின் சினைப்பை ஹார்மோன்களை மருந்தால் அடக்கியபோது பலருக்கு அறிகுறிகள் குறைந்தன. ஹார்மோனைத் திரும்பக் கொடுத்ததும் அவை மீண்டன. அதே சிகிச்சை பெற்ற, இந்தத் தொல்லை இல்லாத பெண்களுக்கோ மனநிலை மாறவில்லை. ஆகவே சுரப்பது கூடுதலும் அல்ல, குறைவும் அல்ல. அந்த ஏற்ற இறக்கத்தை மூளை ஏற்கும் விதம்தான் ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது. புரோஜெஸ்டிரோனிலிருந்து உண்டாகி மூளையை அமைதிப்படுத்தும் அல்லோபிரெக்னனோலோன் என்ற பொருளும், மனநிலையைக் காக்கும் செரட்டோனினும் இதில் தொடர்புடையவை. அம்மாவுக்கு வராதது மருமகளுக்கு வருவதில் வியப்பில்லை.

இனி காலண்டரை மனைவியிடம் கொடுங்கள். உடலில் என்ன, மனதில் என்ன என்று அன்றாடம் அவரே எழுதட்டும். அதை எடுத்துக்கொண்டு சேலம் அரசு மருத்துவமனையின் மகளிர் நோய்ப் பிரிவுக்கு நீங்களும் உடன் செல்லுங்கள். தைராய்டு, இரத்தசோகை உண்டா என்றும் பார்ப்பார்கள். செரட்டோனினைச் சீராக்கும் மாத்திரைகள் பலருக்கு நன்கு பயன்படுகின்றன. அவற்றைச் சிலருக்கு விலக்குக்கு முந்தைய இரு வாரங்கள் மட்டும் கொடுத்தாலே போதும். ‘செத்துப்போகலாம் போலிருக்கிறது’ என்று அவர் ஒருமுறை சொன்னாலும், இரண்டு மாதப் பதிவுக்குக் காத்திராமல் அன்றே மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.