‘அன்லொக்’ என்று விற்ற போனில் 4ஜி வரவில்லை: கடைக்காரரிடம் எதைக் கேட்கலாம்?

கேள்வி: ஒன்பது கிழமைக்கு முன் திருகோணமலை நகரில் ஒரு கடையில் பாவித்த ஐபோன் ஒன்றை 118,000 ரூபாவுக்கு வாங்கினேன். வாங்க முதல் வட்ஸ்அப்பில் “ஃபெக்டரி அன்லொக், எந்தச் சிம்மும் போடலாம், 4ஜி நல்ல ஸ்பீட்” என்று அனுப்பியிருந்தார்கள். உப்புவெளியில் எங்கள் வீட்டில் கோல் வருகிறது, டேட்டா மட்டும் ‘ஈ’ என்ற (மெதுவான 2ஜி) குறியிலேயே நிற்கிறது. போன கிழமை அப்டேட் செய்த பிறகு சிம்மையே ஏற்கவில்லை. மூன்று தடவை கடையில் கொடுத்து வாங்கிவிட்டேன். “நெட்வேர்க் பிழை” என்கிறார். பில்லில் “விற்ற பொருள் மீளப் பெறப்படமாட்டாது” என்று இருக்கிறது. என் தம்பிக்கு முன்னால் என்னை மரியாதையில்லாமல் பேசினார். மகளின் ஒன்லைன் வகுப்புகள் எல்லாம் போய்விட்டன. இப்போது போனைத் தந்துவிட்டு 100,000 ரூபா பெறுமதிக்கு வேறு போன் எடுக்கச் சொல்கிறார். ஐந்து இலட்சம் நட்டஈடு கேட்டு வழக்குப் போடலாமா? பேஸ்புக்கில் கடையின் பெயரைப் போடப் போகிறேன். தெரிந்த ஒரு பையன் போனை ‘முழுசா அன்லொக்’ பண்ணித் தருகிறேன் என்கிறான், கொடுக்கட்டுமா?
– வாசகி, உப்புவெளி

பதில்: கொடுக்க வேண்டாம். மற்றவற்றுக்கு வருமுன் இதைச் சொல்லிவிடுகிறேன். இந்தப் பதிலை வாசித்து முடிக்கும்வரை அந்தப் போனை யார் கையிலும் கொடுக்காதீர்கள், ரீசெட் செய்யாதீர்கள், இன்னொரு அப்டேட்டும் போடாதீர்கள்.

தம்பிக்கு முன்னால் அவர் பேசியதும் மகளின் வகுப்பு போனதும் உங்களுக்குப் பெரிய விடயங்கள். வழக்குக்கு அவை உதவா. ஒப்பந்த மீறலில் மனவேதனைக்கென்று நட்டஈடு எங்கள் நீதிமன்றங்களில் பொதுவாகக் கிடைப்பதில்லை. ஐந்து இலட்சம் என்று கோரிக்கைக் கடிதத்தில் எழுதினால், நியாயமாகக் கிடைக்க வேண்டிய 118,000 ரூபாவும் அந்தத் தொகையோடு சேர்ந்து மதிப்பிழக்கும்.

சட்டத்தில் நிற்கும் விடயம் ஒன்றுதான்: அந்தப் போன் உண்மையில் பூட்டில்லாததா, அதாவது ‘அன்லொக்’ ஆனதா? வேகத்தைப் பற்றி வாதாடப் போகாதீர்கள். வேகம் கோபுரம் எவ்வளவு தூரம், எத்தனை பேர் பாவிக்கிறார்கள், உங்கள் டேட்டா பக்கேஜ் என்ன, சிம் பழையதா என்ற நூறு காரணங்களில் தங்கியிருக்கிறது. கடைக்காரர் அதில் எதையாவது பிடித்துக்கொண்டு தப்பிவிடுவார். பூட்டு இருக்கிறதா இல்லையா என்பது ஆம், இல்லை என்று முடிகிற கேள்வி. ஐபோனில் அதற்குப் பதில் ஒரு வரியில் இருக்கிறது. செட்டிங்ஸுக்குள் போய் ஜெனரல், அதற்குள் அபவுட்டைத் திறந்து கீழே வாருங்கள். ‘கேரியர் லொக்’ என்ற இடத்தில் ‘நோ சிம் ரெஸ்ட்ரிக்ஷன்ஸ்’ என்று இருந்தால் போன் பூட்டில்லாதது. ‘சிம் லொக்ட்’ என்று இருந்தால் ஏதோ ஒரு வெளிநாட்டு நிறுவனத்தின் பூட்டு இன்னும் கிடக்கிறது.

உங்கள் கடிதத்தில் உள்ள இரண்டு அறிகுறிகள் பூட்டு இருப்பதையே காட்டுகின்றன. அப்டேட் செய்தவுடன் சிம்மை ஏற்கவில்லை என்பது ஒன்று, அதற்கு முன்பும் டேட்டா ஒழுங்காக நிற்கவில்லை என்பது மற்றது. பூட்டிய போனுக்குள் சிம்மோடு சேர்த்து ஒரு மெல்லிய சிப்பை வைத்து, போனை ஏமாற்றி வேலை செய்ய வைக்கும் முறை நெடுநாளாக இருக்கிறது. சிம் தட்டை வெளியே இழுத்துப் பாருங்கள்: உங்கள் சிம்முக்கு அடியில், சிம் அளவிலேயே, செம்பு நிறப் புள்ளிகள் கொண்ட கடதாசி மொத்தத் தகடு ஒட்டியிருந்தால் அதுதான் அது. மென்பொருள் மாறும்போது இந்தத் தந்திரம் அடிக்கடி செத்துவிடும். தகட்டைக் கழற்றி எறியாதீர்கள். தட்டை இழுக்கும்போதே தம்பியை வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். வெட்டு இல்லாமல் ஒரே ஓட்டத்தில் ஐஎம்இஐ எனப்படும் போனின் அடையாள இலக்கமும், அபவுட் பக்கமும், தட்டும், தகடும் வரவேண்டும். ஐஎம்இஐ தெரிய ஸ்டார், ஹேஷ், 06, ஹேஷ் அழுத்துங்கள். திரையில் வரும் 15 இலக்கமும் பில்லில் உள்ளதும் ஒன்றா என்றும் பாருங்கள். ஒன்றில்லை என்றால் அதை அப்படியே எழுதி வையுங்கள்.

தகடு இருந்தால் உங்கள் பக்கம் பலமானது. 1896 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டப்படி, விவரித்து விற்ற பொருள் அந்த விவரிப்புக்குப் பொருந்த வேண்டும். ‘ஃபெக்டரி அன்லொக்’ என்பது விவரிப்பு, தகடு வைத்த பூட்டுப் போன் அதற்குப் பொருந்தாது. பில்லில் உள்ள “மீளப் பெறப்படமாட்டாது” என்ற வரி, மனம் மாறி வந்து திருப்புகிறவரைத் தடுக்கும். சொன்ன பொருள் வேறு, தந்த பொருள் வேறு என்ற கோரிக்கையை அது மூடாது.

தகடும் இல்லை, ‘நோ சிம் ரெஸ்ட்ரிக்ஷன்ஸ்’ என்றும் இருந்தால் நிலைமை மாறும். அப்போது உங்களிடம் மிஞ்சுவது “4ஜி நல்ல ஸ்பீட்” என்ற வாக்கியம் மட்டுமே. இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். அதே கட்டளைச் சட்டத்தில், வணிகப் பெயரைச் சொல்லி ஒரு குறிப்பிட்ட பொருளை வாங்கினால், அது ஒரு குறிப்பிட்ட தேவைக்குப் பொருந்தும் என்ற உட்கிடை (சொல்லாமலே அடங்கிய) நிபந்தனை இல்லை என்று ஒரு விதிவிலக்கு இருக்கிறது. மாதிரிப் பெயரைச் சொல்லிக் கேட்டு வாங்கிவிட்டு, “எனக்கு டேட்டாதான் முக்கியம்” என்று பிறகு சொல்வது எடுபடாது. வாங்க முன்னரே அதை அவரிடம் சொன்னதற்கும் அவர் ஆம் என்றதற்கும் சான்று வேண்டும். உங்களுக்கு அந்த வட்ஸ்அப் செய்தி இருக்கிறது. இருக்கிறதா என்று இன்றே பாருங்கள், ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

பூட்டில்லாத போனில் டேட்டா வராததற்குச் சாதாரணக் காரணங்களும் உண்டு. அவற்றை நீங்களே அகற்றிவிட்டுப் போனால்தான் கடைக்காரரின் வாயை மூடலாம். உங்கள் சிம்மை, 4ஜி எடுக்கும் இன்னொரு போனில், அதே இடத்தில், அதே நேரத்தில் போட்டுப் பாருங்கள். பிறகு இன்னொரு நிறுவனத்தின் சிம்மை இந்தப் போனில் போடுங்கள். இதையே மணிக்கூட்டுக் கோபுரத்தடியிலும் செய்யுங்கள், உப்புவெளி வீட்டோடு நிறுத்தினால் ‘கவரேஜ் இல்லை’ என்பார். பழைய சிம் என்றால் அதை 4ஜி சிம்மாக மாற்றிய பிறகே சோதனை. ஏபிஎன் எனப்படும் டேட்டா இணைப்பு அமைப்பைச் சிம் நிறுவனம் அனுப்பும் செய்தியில் உள்ளபடியே, ஓர் எழுத்துப் பிசகாமல் இட வேண்டும். இங்கு 4ஜி பெரும்பாலும் 1800 மெகாஹேர்ட்ஸ், அதாவது பேண்ட் (அலைவரிசை) 3 இல் ஓடுகிறது. வேறு நாட்டுக்கென்று செய்த சில மலிவு மாதிரிகளில் தேவையான பேண்டுகள் சில இல்லாமல் போகலாம். ஐபோன்களில் பேண்ட் 3 பொதுவாக இருக்கும், ஆகவே உங்கள் விடயத்தில் அதை நம்பி வாதாட வேண்டாம். திகதி, நேரம், இடம், எந்தச் சிம், திரையில் என்ன குறி வந்தது: ஒரு தாளில் எழுதி ஸ்கிரீன் ஷொட்டோடு வையுங்கள்.

இனி நான் அதிகம் பயப்படும் இடம், முதலாவது குழி. உங்களுக்கு ஒன்பது கிழமை போய்விட்டது. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின் 13 ஆம் பிரிவில், விற்றவர் வெளிப்படையாகவோ உட்கிடையாகவோ தந்த உத்தரவாதத்துக்குப் பொருந்தாத பொருளைப் பற்றி முறையிடலாம். விசாரித்து, பணத்தைத் திருப்பவோ பொருளை மாற்றித் தரவோ நட்டஈடு கொடுக்கவோ அதிகாரசபை கட்டளையிட முடியும். முறைப்பாடு எழுத்தில், விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள் போக வேண்டும். அந்த மூன்று மாதம் வாங்கிய நாளில் இருந்து ஓடுகிறது. கடைக்காரர் கடைசியாக “நாளைக்கு வாங்கோ” என்று சொன்ன நாளில் இருந்து அல்ல. மூன்று தடவை கொடுத்து வாங்கினீர்களே, அந்த நாட்கள் உங்கள் கணக்கில்தான் கழிந்தன. மரியாதையான கடைக்காரரும் இதைத்தான் செய்வார்: இரண்டு நாள் வைத்திருப்பார், ‘மென்பொருள் அடிச்சிருக்கு’ என்பார், கொழும்புக்கு அனுப்பியிருக்கு என்பார். வாடிக்கையாளர் சண்டை பிடிக்கக் கூச்சப்பட்டுக் காத்திருப்பார். பதின்மூன்றாம் கிழமை முடிந்த பிறகு கடைக்காரரின் குரல் மாறும். இனிப் பேசி முடித்துவிட்டு முறையிடுவோம் என்று நினைக்காதீர்கள். பேச்சு நடக்கட்டும், முறைப்பாடும் போகட்டும். பில்லின் பிரதி, வட்ஸ்அப் செய்தி, சோதனைத் தாள் மூன்றையும் இணைத்து இந்தக் கிழமைக்குள் பதிவுத் தபாலில் போடுங்கள், தபால் பற்றுச்சீட்டைத் தொலைக்காதீர்கள். வழி கேட்க அதிகாரசபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கம் உண்டு, ஆனால் அழைத்ததை எழுத்து முறைப்பாடாக எண்ணிக்கொண்டு இருந்துவிடாதீர்கள்.

இரண்டாவது குழி, போனையும் சான்றையும் ஒன்றாகக் கொடுத்துவிடுவது. இந்தப் போனை வாங்கியதும் வட்ஸ்அப்பை இதற்கு மாற்றியிருப்பீர்கள். கடைக்காரரின் செய்தி இப்போது அவர் விற்ற போனுக்குள்ளேயே இருக்கிறது. அடுத்த முறை ‘செக் பண்ண’ கொடுக்கும்போது ரீசெட் அடித்தால் உங்கள் வழக்கே அழிந்தது. இன்றிரவே அந்த உரையாடலை மின்னஞ்சலுக்கு ஏற்றுமதி செய்யுங்கள், இலக்கமும் திகதியும் தெரிய ஸ்கிரீன் ஷொட் எடுத்துத் தம்பியின் போனுக்கு அனுப்புங்கள். 2006 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டம் இப்படியான செய்திகளைச் சான்றாக ஏற்க வழி தருகிறது, ஆனால் இல்லாத செய்தியை எந்தச் சட்டமும் ஏற்காது. போனைக் கொடுத்தே ஆக வேண்டுமென்றால் ஐஎம்இஐ இலக்கம், திகதி, குறைபாடு மூன்றும் எழுதிக் கடை முத்திரையோடு ஒரு துண்டு வாங்குங்கள்.

பையனின் ‘முழு அன்லொக்’ மூன்றாவது குழி. அவன் திறந்தவுடன் அது கடைக்காரர் விற்ற பொருளாக இராது. “நான் தரும்போது நல்லாத்தான் இருந்தது, இவங்கள்தான் திறந்தவை” என்ற ஒரு வாக்கியம் அவருக்குப் போதும். பொருளின் மேல் உங்கள் சொந்தப் பொருள்போல் கைவைத்தால் நீங்கள் அதை ஏற்றுக்கொண்டதாகவே சட்டம் பார்க்கும், அதன் பிறகு திருப்பிக் கொடுக்கும் உரிமை போய்விடும். ஐஎம்இஐ மாற்றுகிறேன் என்றால் எழுந்து வந்துவிடுங்கள், அது வேறு வில்லங்கம். போன் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவில் பதிவுள்ளதா என்று ஐஎம்இஐ என ஆங்கிலத்தில் தட்டி, இடைவெளி விட்டு 15 இலக்கத்தையும் எழுதி 1909 க்கு எஸ்எம்எஸ் அனுப்பிப் பாருங்கள். பதிவில்லை என்று வந்தால் பேரத்தில் உங்கள் கை இன்னும் ஓங்கும், அந்தப் பதிலையும் சேமியுங்கள்.

பேஸ்புக் வேண்டாம். அவதூறைக் குற்றமாக்கிய சட்டம் 2002 இல் நீக்கப்பட்டது உண்மை, குடியியல் வழக்கு இன்னும் இருக்கிறது. உண்மை என்பதோடு பொது நன்மைக்கானது என்றும் நீங்கள் காட்ட வேண்டிவரும். கோபத்தில் ‘கள்ளன்’ என்று எழுதினால் 118,000 ரூபா கேட்கப் போன நீங்கள் எதிராளியாகி நிற்பீர்கள்.

பொலிஸுக்குப் போனால்? மோசடி என்பதற்கு, விற்கும் அந்தக் கணத்திலேயே ஏமாற்றும் எண்ணம் இருந்ததைக் காட்ட வேண்டும். தகட்டை அவரே வைத்தாரா, அவருக்கு விற்றவர் வைத்தாரா என்று நிரூபிப்பது இலகுவல்ல. பெரும்பாலும் மத்தியஸ்த சபைக்கு அனுப்புவார்கள். நீதிமன்றம் போனாலும் இந்தத் தொகைப் பிணக்கு முதலில் மத்தியஸ்த சபை வழியாகத்தான் வரவேண்டும். அங்கே சட்டத்தரணி உங்களுக்காகப் பேச முடியாது, நீங்களே பேச வேண்டும். அங்கும் இணக்கம் வராவிட்டால் நீதிமன்றம், அதற்குள் அந்தப் போனின் சந்தை விலை பாதியாகும், சட்டத்தரணிக் கட்டணம் மிச்சத்தைத் தின்னும்.

ஆகவே, முறைப்பாட்டை அனுப்பிவிட்டு, இணக்கத்துக்குப் போங்கள். முறைப்பாட்டின் பிரதியும் தகட்டின் படமும் மேசையில் இருக்கையில் 100,000 என்றவர் 110,000 க்கு வருவது நடக்கக் கூடியது. காசாகத் தந்தால் 105,000 க்குக்கூட வாங்கிக்கொள்ளுங்கள், 13,000 ரூபாவுக்காக இரண்டு வருடம் அலைய வேண்டாம்.

மாற்றுப் போன்தான் என்றால் கடை மேசையிலேயே உங்கள் கையால் அபவுட் பக்கத்தைத் திறந்து பாருங்கள். இரண்டு வேறு நிறுவனச் சிம்களை மாறி மாறிப் போட்டு, வைஃபையை நிறுத்தி, 4ஜி குறி வந்து ஒரு வீடியோ ஓடும்வரை நில்லுங்கள். அமெரிக்காவுக்கென்று வந்த ஐபோன் 14 வரிசைக்குச் சிம் தட்டே இல்லை, இ-சிம் (போனுக்குள்ளேயே பதியும் சிம்) மட்டும்தான். அப்படியொன்றைத் தந்தால் உங்கள் சிம் நிறுவனத்தில் இ-சிம் எடுத்துச் சோதித்த பிறகே ஏற்க வேண்டும். புது பில்லில் ஐஎம்இஐ இலக்கமும், “எந்த வலையமைப்புக்கும் பூட்டில்லாதது, 4ஜி டேட்டா இயங்கும், 14 நாளுக்குள் இயங்காவிட்டால் பணம் மீளளிக்கப்படும்” என்ற வரியும் கையெழுத்தில் வரவேண்டும். அவர் நீட்டும் “இனி எந்தக் கோரிக்கையும் இல்லை” என்ற தாளில் அந்த 14 நாள் முடிந்த பிறகு கையொப்பம் இடுங்கள். முறைப்பாட்டை மீளப் பெறுவதும் அதற்குப் பிறகுதான்.